அறுவை சிகிச்சைக்கு அப்புறம் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

வயிற்றில் இருக்கும்போதே குழந்தையின் முதுகைத் தைத்து மூடும் அறுவை சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என் மகளும் ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகுத்தண்டு சரியாக மூடாமலே பிறக்கும் குறை, உள்ள குழந்தைதான். முதுகில் கட்டியோடு பிறந்தாள், மறுநாளே மூடினார்கள், மூன்றாவது வாரம் தலையில் நீர் கோத்துக்கொண்டதால் அதை வயிற்றுக்கு வடிக்கும் ஷன்ட் என்ற குழாயை வைத்தார்கள். இப்போது ஒன்பது வயது.

அதிசயம் என்று எழுதியிருந்தீர்கள். சரி, பலன் பெரியதுதான். அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளியான மாம்ஸ் ஆய்வில், பிறந்த பிறகு மூடிய குழந்தைகளில் 82 சதவீதம் பேருக்கு ஒரு வயதுக்குள் ஷன்ட் வைக்கப்பட்டது, கருவிலேயே மூடியவர்களில் 40 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் அதே ஆய்வில் கருவில் மூடிய குழந்தைகளில் 79 சதவீதம் குறைமாதத்தில் பிறந்தன, பிரசவத்தின்போது பார்த்தால் மூன்றில் ஒரு தாய்க்குக் கர்ப்பப்பைத் தையல் மெலிந்தோ பிரிந்தோ இருந்தது. கர்ப்பப்பையைத் திறந்து செய்தால் அடுத்தடுத்த பிரசவமும் சிசேரியன்தான். இதையெல்லாம் கேட்டுவிட்டு வேண்டும் என்பவர்கள் சொல்லட்டும், வேண்டாம் என்பவர்களைக் குற்றவாளியாக்காதீர்கள். 26 வாரத்துக்குள் செய்ய வேண்டியது அது, ஐந்தாம் மாத ஸ்கேன் தள்ளிப்போனால் யோசிக்கவே நேரம் இருக்காது.

எனக்கு இதைவிட ஆதங்கம் வேறு. என் மகளுக்கு நாலு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வாந்தி. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கிளினிக்கில் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓடும் குழாயைத் தொட்டுக் காட்டினேன், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வாந்தி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் தூங்கினவளை எழுப்ப எழுப்ப எழவில்லை. அன்று ராத்திரியே பெரிய மருத்துவமனையில் அடைத்துக்கொண்ட ஷன்ட்டை மாற்றினார்கள், பிழைத்தாள். ஆனால் அதற்கப்புறம் இடது கண் உள்பக்கம் திரும்பியே இருக்கிறது.

ஷன்ட் அடைக்கும் என்று எனக்கு யாருமே சொல்லி அனுப்பவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கும் தேதி இருந்தது, மாத்திரை வேளை இருந்தது, இது இல்லை. சிறுநீர் தானாக முழுதும் வெளியேறாததால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் போடுவதைக்கூட இன்னொரு குழந்தையின் அம்மாவிடம்தான் வார்டில் கற்றுக்கொண்டேன்.

கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைப்பது, தலை வேகமாகப் பெரிதாவது, கண் கீழ்நோக்கியே நிற்பது. பெரிய பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம். ஷன்ட் வைத்த குழந்தைக்கு இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அடுத்த இதழில் இதை மட்டும் கட்டம் கட்டிப் போடுங்கள், வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற அளவில்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி