பனியின் அடிக்கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில் பனி கொட்டும்போதெல்லாம் ‘பஃபலோவில் ஆறடிப் பனி’ என்று படத்தோடு செய்தி வருகிறது. செங்கோட்டை, புளியரைப் பக்கமிருந்து பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியவர்கள் அன்று முழுக்க போனும் கையுமாக இருப்பார்கள். ஆனால் அடிக்கணக்கை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. 2022 நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்டு பார்க்கில் ஏறக்குறைய 80 அங்குலம் விழுந்தது. உயிரிழப்பு விரல்விட்டு எண்ணும் அளவுதான். அடுத்த மாதம் கிறிஸ்துமஸ் சமயத்தில் பஃபலோ விமான நிலையத்தில் பதிவானது சுமார் 52 அங்குலம். பஃபலோ அடங்கிய ஈரி கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இறந்தவர்களோ 40 பேருக்கு மேல். அந்த முறை ஆளை அடித்தது காற்று. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசியதில் சாலையே தெரியவில்லை. மீட்கப் போன வண்டிகளும் சிக்கிக்கொண்டன. வாகனத் தடை 23ஆம் தேதி காலை, புயல் வந்து இறங்கும் நேரத்தில்தான் போடப்பட்டது.

கோடையில் வாங்கிய சூட்டை ஏரித் தண்ணீர் டிசம்பர் வரை விடாது. அதன்மேல் வறண்ட குளிர்காற்று வரும்போது, நீர்ப்பரப்புக்கும் ஒன்றரை கி.மீ. உயரத்துக்கும் வெப்பம் 13 டிகிரி செல்சியஸாவது வேறுபட்டால் பனிமேகம் கட்டத் தொடங்கும். ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 390 கி.மீ. அளவுக்கு நீண்டு கிடக்கிறது. காற்று அதே நீளவாக்கில் வந்தால் வழிநெடுக ஈரத்தை வாரிக்கொண்டு, கிழக்கு நுனியில் இருக்கும் பஃபலோவில் கொட்டும். திசை கொஞ்சம் பிசகினாலும் மேகப்பட்டை வேறு ஊருக்கு நகர்ந்துவிடும். ஆரியங்காவில் கொட்டோ கொட்டென்று கொட்ட, செங்கோட்டையில் சாரலும் ஆலங்குளத்தில் வெறும் காற்றுமாக இருப்பதைப் போலத்தான். 2014 நவம்பரில் தெற்குப் புறநகரங்களில் ஐந்தடிக்கு மேல் விழுந்தபோது, சில மைல் வடக்கே சில அங்குலம்தான். எனவே பிள்ளை இருப்பது ஊரின் எந்தப் பக்கம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏரியின் சராசரி ஆழம் 19 மீட்டர்தான் என்பதால் சீக்கிரம் உறையும். உறைந்துவிட்டால் ஈரம் கிடைக்காமல் பொழிவு அடங்கும். (ஏற்கெனவே தரையில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்புவது வேறு தொல்லை.)

போனில் ‘சாப்பிட்டியாப்பா’ என்று கேட்டதும் அடுத்து ஹீட்டர் குழாயைப் பற்றிக் கேளுங்கள். புதுவகை கேஸ் ஹீட்டர்கள் பலவற்றுக்குக் கூரைமேல் புகைபோக்கி கிடையாது. பக்கச் சுவரில், தரையிலிருந்து அதிக உயரமில்லாத இடத்தில் பிவிசி குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். காற்று ஒதுக்கும் பனி அதை மூடினால் ஹீட்டர் நின்றுபோகும். இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல் வந்தால் குளிரால் வந்தது என்று படுத்துவிடாமல் உடனே வெளியேறி அவசர உதவியை அழைக்க வேண்டும். குழாயைச் சுற்றி மூன்றடிக்குப் பனியை விலக்கி, அந்த வாயுவைக் கண்டு எச்சரிக்கும் அலாரத்தின் பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனால் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வதும் இதே ஆபத்துதான்.

காரில் சிக்கினால் இறங்கி நடக்கவே கூடாது. பத்தடி தள்ளிப் போனால் கார் எங்கே என்று தெரியாது. சைலன்சர் வாயில் பனியைத் தோண்டி எடுத்துவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டலாம்; அப்போது காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடி சற்றே இறங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்பும் குழாயை மறுபடி பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த முறை செய்தி போடும்போது காற்றின் வேகத்தையும், வாகனத் தடை எந்தெந்த ஊர்களுக்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நேரத்தையும் குறிப்பிடுங்கள்: குளிர்காலத்தில் அவர்கள் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால்; இங்கே காலை 7.30 என்றால் அங்கே முந்தைய இரவு 9 மணி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்கள்,
செங்கோட்டை