சென்ட்ரல் மெட்ரோ வழிகாட்டிப் படம் காரைக்குடியிலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெட்ரோ ரயில் செய்தி வந்தாலே "அது சென்னைக்காரங்க சமாச்சாரம்" என்று எங்கள் பக்கத்தில் பலர் தாளைப் புரட்டிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காரைக்குடியில் விடியற்காலை பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறி, மதியம் எழும்பூரில் இறங்குகிறோம். அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன்தான் சென்ட்ரல். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பச்சை வழித்தடம் அங்கேயே முடிகிறது. எல்லோரும் இறங்கியாக வேண்டும் என்பதால் தவறவிடும் பயமும் இல்லை.

2018 மே மாதம் திறந்தபோது அங்கே பச்சை வழித்தடம் மட்டும். 2019 பிப்ரவரியில் நீல வழித்தடமும் சேர்ந்தது. இரண்டும் பூமிக்கடியில் அடுக்கடுக்காக ஓடுகின்றன. மேலே வந்தால் வெளியூர் ரயில்களின் சென்ட்ரல், பக்கத்திலேயே ஆவடி, கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் மின்சார ரயில். சாலைக்கு அந்தப் பக்கம் தாம்பரம் ரயிலுக்குப் பூங்கா ஸ்டேஷன், வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். எல்லாவற்றையும்விட நமக்கு முக்கியமானது ஜி.எச். என்கிற அரசு பொது மருத்துவமனை. பெரிய வைத்தியம் என்றால் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிற குடும்பங்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வண்டி நெரிசலில் நோயாளியைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே போன காலம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது கீழேயே நடந்து, ஆஸ்பத்திரிப் பக்கமே ஏறிவிடலாம்.

ஆனால் முதல்முறை போகிறவருக்கு அந்த இடம் மலைப்பாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சியை ஒருமுறை அழைத்துப் போனேன். மகன் வீட்டுக்கென்று ஒரு எவர்சில்வர் சம்படம் நிறையத் தேன்குழல், கைமுறுக்கு. பையைச் சோதிக்கும் மெஷினுக்குள் அது போனதும், காவலுக்கு நின்ற பெண் "என்ன பாட்டி இது?" என்று கேட்க, ஆச்சி அங்கேயே மூடியைத் திறந்து, "ஒண்ணு எடுத்துக்க தாயி" என்று நீட்டிவிட்டார். பின்னால் வரிசை நிற்கிறது! நகரும் படியில் கால் வைக்க மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. லிஃப்ட் எங்கே என்று தேடிப்போய் ஏறினோம். கூட ஆள் இருந்ததால் சரி. தனியாக வருகிறவர் என்ன செய்வார்?

அறிவிப்புப் பலகைகள் இருக்கத்தான் செய்கின்றன. கூட்டம் முட்டிக்கொண்டு போகும்போது நின்று படிக்கத்தான் நிதானம் வருவதில்லை. அதனால் ஊரில் யாராவது புறப்படுகிறார்கள் என்றால், காலண்டர் தாளின் பின்பக்கம் நான் ஒரு படம் போட்டுக் கொடுப்பது வழக்கம். பச்சை இங்கே முடிகிறது, நீலத்தில் ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் விம்கோ நகர் என்று. ஆடி உத்திராடத்துக்குப் பட்டினத்தார் குருபூஜைக்குப் போகிறவர்களுக்கு, விம்கோ நகர் ரயிலில் திருவொற்றியூர் தேரடியில் இறங்குங்கள் என்று தனியாக ஒரு வரி. சிங்கப்பூர் விமானம் பிடிக்கிறவர்களுக்கு எதிர்ப்பக்கம்.

இதையே நல்ல தமிழில், பெரிய எழுத்தில், ஒரு சுவர்ப் படமாக அச்சடித்துக் காரைக்குடி, புதுக்கோட்டை ரயில் நிலையங்களில் மாட்டினால் என்ன? ஜி.எச்.சுக்கு எந்த வாசல், லிஃப்ட் எந்தப் பக்கம், மின்சார ரயிலுக்கு எங்கே ஏறுவது, இவ்வளவு இருந்தால் போதும். காரைக்குடியில் பல்லவன் புறப்படுவதற்கு முன் பிளாட்பாரத்தில் காபி குடிக்கும் நேரத்தில் படித்துவிடுவார்கள். ரயில்வேயும் மெட்ரோ நிர்வாகமும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. பெரிய செலவு ஒன்றும் இல்லை.

(பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தப் படம் அவ்வளவாக உதவாது. அவர்களைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள், அங்கே மெட்ரோ இன்னும் வரவில்லை. அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதவேண்டும்.)

படத்தை யார் வரைவது என்று யோசிக்கவேண்டாம். என் காலண்டர் தாள் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கோடு கொஞ்சம் கோணல்தான், வழி சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
பலகாரக்கடை நடத்தும் ஒரு வாசகி,
கோட்டையூர்.