நேற்று போனில் சொன்னதைச் செய்யாதே

அம்மணி,

நேற்று ராத்திரி போனில் நான் சொன்னதில் பாதி தப்பு. உன் கார் இன்ஜினில் கழன்ற போல்ட்டைத் துடைத்து, போல்ட் கழலாமல் மரையில் விடுகிற பசை லாக்டைட் நாலு சொட்டு விட்டு, கைக்கு வருகிற அளவு இறுக்கு, அவ்வளவுதான் என்று பெரிய மேஸ்திரி மாதிரி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் வந்து உட்கார்ந்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சுகர் ஏறிப்போச்சா என்றாள். இல்லை, போல்ட் என்றேன். திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

போனில் பேசினால் நான் மறுபடி அவசரப்பட்டு எதையாவது சொல்வேன், நீயும் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஸ்பேனரை மறுபடி தொடுவதற்கு முன் முழுசாகப் படித்துவிடு.

நீ அனுப்பிய வீடியோவை ஏழெட்டுத் தடவை கேட்டேன். ஐடிலில் ஒன்றுமில்லை, நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்குப் பக்கத்தில் தகர டப்பாவில் கோலிகுண்டு உருட்டுகிற மாதிரி வருகிறது, இன்னும் மேலே போனால் அமுங்கிவிடுகிறது. டேப்பட் என்றால் டிக் டிக் என்று சீராக அடிக்கும். பேரிங் என்றால் லோடு ஏறும்போது கனமாக இடிக்கும். இது இரண்டும் இல்லை. நீயே கவரைத் திறந்து, எக்ஸாஸ்ட் கேம் ஹப்பில், அதாவது புகை போகிற வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாப்ட் தண்டின் முனைக் குடத்தில், ஆறில் இரண்டு போல்ட் விரலாலேயே சுற்றுகிறது என்று கண்டுபிடித்துவிட்டாய். நான் பக்கத்தில் இருந்திருந்தாலும் இதைத்தான் கண்டுபிடித்திருப்பேன், உன்னைவிட இரண்டு டீ கூடக் குடித்திருப்பேன்.

அது ஏன் கழன்றது என்று கேட்டாய், நான் பழசு ஆகிவிட்டது என்று மழுப்பினேன். பழசானால் மட்டும் கழலாது. கேம்ஷாப்ட் ஒரே சீராகச் சுற்றுவதாக நமக்குத் தோன்றும், ஆனால் கேமில் துருத்திக்கொண்டிருக்கிற மூக்கு வால்வை அமுக்கும்போது ஸ்பிரிங் எதிர்த்துப் பிடிக்கிறது, மூக்கு தாண்டியதும் அதே ஸ்பிரிங் கேமை முன்னால் உதைக்கிறது. உன்னுடையது ஆறு சிலிண்டர், கேம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஆறு தடவை இந்த இழுபறி. இன்ஜின் 8000 சுற்றில் போனால் கேம் 4000, கணக்குப் போட்டுப் பார், நொடிக்கு 400 தடவை. அத்தனையும் செயின் சக்கரத்தையும் ஹப்பையும் சேர்த்துப் பிடித்திருக்கிற சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத அந்தப் போல்ட்டுகள் மேல் வந்து விழுகிறது. பிடிப்பு இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. பிடிப்பு கொஞ்சம் குறைந்து சக்கரம் ஹப்பின் மேல் மயிரிழை அளவு பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்தால் போல்ட் தானாகவே திரும்பிக் கழலும். நீ இருக்கிற ஜெர்மனிக்காரர்தான், கெர்ஹார்ட் யுங்கர், 1969இல் இதைச் சோதனை வைத்துக் காட்டினார். ஸ்பிரிங் வாஷர் போட்டால் கழலாது என்று பட்டறையில் நாங்கள் சத்தியம் செய்துகொண்டிருந்தோமே, அந்தச் சோதனையில் அதன் கதை முடிந்துவிட்டது. எனக்கு இது தெரியவே ரொம்ப வருஷம் ஆனது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். பழைய போல்ட்டையே போடச் சொன்னேன், வேண்டாம். லூஸாக ஆடிய போல்ட்டின் மரையும் தலைக்கு அடியில் இருக்கிற முகமும் தேய்ந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. இரண்டு கேமுக்கும் சேர்த்து பன்னிரண்டும் புதுசு வாங்கு, காற்று உள்ளே வருகிற இன்டேக் பக்கம் இறுக்கமாக இருக்கிறதே என்று காசைப் பார்க்காதே.

ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் வால்வு திறந்து மூடுகிற டைமிங் அசையாது என்றும் சொன்னேன். ஆறும் இறுக்கமாக இருந்திருந்தால் அது சரிதான். உன் காரில் இரண்டு ஏற்கெனவே ஆடியிருக்கிறது, மற்ற நாலும் எந்த நிலையில் இருந்தனவோ, சக்கரம் ஏற்கெனவே கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். தப்பான இடத்திலேயே புது போல்ட்டை இறுக்கி வைப்பதில் என்ன பிரயோசனம்? கிராங்கை முதல் சிலிண்டர் டிடிசியில், பிஸ்டன் உச்சிக்கு வருகிற இடத்தில், நிறுத்தி லாக் பின்னைச் செருகிப் பூட்டு, கேம்களைப் பூட்டுகிற டூல் வாடகைக்குக் கிடைத்தால் எடு, அது தடங்கலில்லாமல் உட்கார்ந்தால்தான் டைமிங் சரி என்று அர்த்தம். கொஞ்சம் தட்டினால் உட்கார்ந்துவிடும் என்று சுத்தியலை எடுக்காதே.

கை டைட் பேச்சையும் மறந்துவிடு. போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான். இறுக்கும்போது நூலிழை அளவு நீள்கிறது, திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்த இழுவைதான் பிடிப்பு. நீ போடுகிற முறுக்கில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியில் உராய்விலேயே போய்விடும், இன்னொரு 40 சதவீதம் மரையில் போகும், பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டும். மரையில் ஆயில் இருந்தால் உராய்வு குறையும், அதே முறுக்கில் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும், சின்ன போல்ட் என்றால் கழுத்தோடு போகும். அதனால் ரிப்பேர் மேனுவலில் காய்ந்த மரைக்கு எண் போட்டிருக்கிறதா, ஆயில் தடவச் சொல்கிறதா என்று பார். சில போல்ட்டுக்கு முறுக்கு போட்டபிறகு இத்தனை டிகிரி திருப்பு என்றும் இருக்கும், அந்த ஜாதி போல்ட்டை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. உன்னிடம் இருக்கிறது வீல் நட்டுக்கான பெரிய டார்க் ரெஞ்ச், முறுக்கை அளந்து இறுக்குகிற ஸ்பேனர், அதன் அடி எண்களை நம்ப முடியாது. 5லிருந்து 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டுகிற சின்னது ஒன்று வாங்கு. வேலை முடிந்ததும் அதைக் குறைந்த எண்ணுக்கு இறக்கிவைத்துப் பெட்டியில் போடு.

மேனுவல் லாக்டைட் கேட்டால் மட்டும் போடு. நீல நிறத்தது போடு, சிவப்பு வேண்டாம். சிவப்பு போட்டால் அடுத்த தடவை சூடு காட்டித்தான் கழற்ற முடியும், இன்ஜினுக்குள் அந்த வேலை வேண்டாம். நாலு சொட்டு என்றது என் கிறுக்கு, ஒரு சொட்டு போதும், மிச்சம் வழிந்து ஆயில் துவாரத்துக்குள் போகும். ஓட்டைக்குள் இருக்கிற ஆயிலை பிரேக் கிளீனர் அடித்து எடுத்துவிடு. மாட்டிய அன்றே ஸ்டார்ட் செய்யாதே, ஒரு நாள் முழுசாக விடு.

கழற்றும்போது செயின் இறங்குகிற இடைவெளியில் சுத்தமான துணியை அடைத்துக்கொள். ஒரு போல்ட் கீழே விழுந்தால் அடியில் ஆயில் தங்குகிற சம்பைக் கழற்ற வேண்டியிருக்கும். துணியையும் எண்ணிவை. சிரிக்காதே, துணியை உள்ளேயே வைத்துக் கவரை மூடியவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் மாட்டியதும் பூட்டுகளை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ராட்செட் போட்டு, இன்ஜின் ஓடுகிற திசையிலேயே கையால் இரண்டு சுற்று சுற்று. அப்போதுதான் கேம் ஒரு சுற்று முடிக்கும். எங்காவது திடீரென்று கெட்டியாக நின்றால் அங்கேயே நிறுத்து. வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. கையால் தொட்டால் ஒன்றும் ஆகாது, ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்காது, வளைத்துவிடும்.

இதை நான் எங்கே கற்றேன் என்று உனக்குச் சொன்னதில்லை. கரிவரதன் கோவையில் பந்தயக் கார் கட்டிக்கொண்டிருந்த காலம், ஊரில் ஒவ்வொரு பட்டறைக்கும் பந்தயப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒருத்தர் காரை சென்னைப் பக்கம் சோழவரம் பந்தயத்துக்குத் தயார் செய்தேன். கேம் சக்கரத்தில் போல்ட் கழலாமல் மடக்கிப் பிடிக்கிற லாக் வாஷரின் காதை நிமிர்த்தி, புதுசு வாங்க நேரமில்லை என்று அதையே மறுபடி மடக்கிவிட்டேன். இரண்டாவது சுற்றில் காது ஒடிந்து, போல்ட் வெளியே வந்து, இன்ஜின் நின்றது. ஆறு வால்வு வளைந்திருந்தது. காருக்குச் சொந்தக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, ஊருக்குத் திரும்ப பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நீ பத்து வயதில் பட்டறைக்கு வந்தால் டார்ச் பிடிக்க மட்டும் விட்டேன், கஸ்டமர் வந்ததும் வீட்டுக்குப் போ என்று விரட்டினேன். நேற்று நீ ஹப், ஸ்ப்லைன் என்று பேசிக்கொண்டே போனாய், எனக்கு அந்த டார்ச்தான் ஞாபகம் வந்தது. வேற ஒன்றும் இல்லை.

தெருவில் நிறுத்தி வைத்து இந்த வேலையைச் செய்யாதே. உங்கள் ஸ்டுட்கார்ட்டில் மணிக்கணக்கில் லிஃப்ட் வாடகைக்குத் தருகிற இடம் இருக்கிறது என்றாயே, அங்கே போ. இரண்டு நாளைக்குச் சேர்த்துப் பேசு, மணி ஓடுகிறதே என்று கை பறந்தால் வேலை கெடும். சனிக்கிழமை நான் எங்கேயும் போகவில்லை. இங்கே நாலரை மணி நேரம் முன்னால், ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன். கவரை மூடுவதற்கு முன் பன்னிரண்டு போல்ட்டும் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பு, ஒவ்வொன்றின் தலையிலும் மார்க்கரில் கோடு போட்டிருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் போனை அம்மாவிடம் கொடுப்பேன்.

அப்பா