பகல்லயே சாப்பிடு தாயி

நரிப்பையூர்
சித்திரை மாசம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது.

நீ போன்ல சொன்னதை அப்பாகிட்டகூட முழுசா சொல்லலை. பக்கத்துல யாரோ வந்துட்டாங்க போல, குரலைத் தாழ்த்திக்கிட்டுப் பாதியிலேயே வச்சுட்ட. அதான் எழுதுறேன். இதைத் தனியா உக்காந்து நிதானமாப் படிக்கலாம்.

சுகர் இருக்குன்னு தெரிஞ்சும், எல்லாரும் தூங்கினப்புறம் எந்திரிச்சுப் போயி, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபடியே நின்னு, ஸ்வீட்டு, பிஸ்கட்டு, மிச்சச் சோறுன்னு வயிறு வலிக்கிற வரைக்கும் திங்கிறேன், நிறுத்த முடியலை, அப்புறம் அழுகை வருதுன்னு சொன்ன. நான் எதுக்கும் லாயக்கில்லாதவம்மான்னும் சொன்ன. மத்ததையெல்லாம் கேட்டுக்கிட்டேன், அதை மட்டும் ஏத்துக்கமாட்டேன்.

மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா பி.பி.யும் சுகரும் பாக்கப் போறவ நான். மருமக கண்ணுல படக்கூடாதுன்னு அரிசிப் பானைக்குள்ள மிட்டாய்ப் பொட்டலத்தைப் புதைச்சு வச்சிருக்கிற ஆச்சிமாரைப் பாத்திருக்கேன். கடலுக்குப் போயி வலை இழுத்துட்டு வர்ற திடகாத்திரமான ஆளு, பொண்டாட்டிக்குத் தெரியாம டீக்கடை ஓரத்துல நின்னு ஜிலேபி திங்கிறதையும் பாத்திருக்கேன். இவங்க யாரும் மனசு உறுதி இல்லாதவங்க இல்லை தாயி. பயந்துபோனவங்க. திங்காதேன்னு சொல்ல வீட்டுல அத்தனை பேரும் இருப்பாங்க. எதைத் திங்கலாம், எந்நேரம் திங்கலாம்னு உக்காந்து சொல்லத்தான் ஆள் இருக்காது.

சுகர் இருக்கிற உடம்புக்குப் பசி கூடுறதுக்குக் காரணம் இருக்கு. ரத்தத்துல சக்கரை நிறையக் கிடந்தாலும் இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா அது உடம்புக்குள்ள போய்ச் சேராது. அதனால சுகர் ஏறி நிக்கிறப்பவும் பசிக்கும். தூக்கம் கெட்டாலும் பசி கூடும். அதுக்கும் மேல நீயா இழுத்து வச்சுக்கிட்டது ஒண்ணு இருக்கு. நேத்து ராத்திரி தின்னதுக்குத் தண்டனைன்னு காலையில வெறும் டீ, மதியம் பேருக்கு ரெண்டு வாய். அப்படிக் கிடந்த உடம்பு ராத்திரி பதினோரு மணிக்குக் கேக்காம என்ன செய்யும்? பகல்ல குடுக்காம விட்டதைத்தான் அது ராத்திரியில வட்டியோட வாங்குது.

அதனால இப்போதைக்கு ராத்திரியோட மல்லுக்கு நிக்காதே. மூணு வேளையும் நேரத்துக்குச் சாப்பிடு. காலையில இட்லியோட ஒரு முட்டை வச்சுக்கோ. மதியம் சோத்தை அளந்து போடு, ஆனா காயும் மீனும் தட்டுல தாராளமா இருக்கட்டும். சாளை, நெத்திலி, சூடை எது கிடைச்சாலும் சரி. முதல்ல அதையும் காயையும் சாப்பிட்டுட்டு சோத்தைக் கடைசியில சாப்பிட்டா சுகர் சட்டுனு ஏறாது. எல்லாத்தையும்விட முக்கியம் சாயங்காலம். ஆபீஸ்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ கட்டாயம் சாப்பிடு. வெறும் வயித்தோட பஸ் ஏறாதே. ராத்திரி சாப்பிட்டதும் மொட்டைமாடியில பத்து பதினஞ்சு நிமிஷம் நட.

அப்புறம் கருப்பட்டி விசயம். போன வாரம் உன் மாமியார் பேசினாங்க. அவளுக்குச் சீனியை நிறுத்திட்டுக் கருப்பட்டிக் காப்பி குடுக்கிறேன், சுகருக்கு ஒண்ணும் பண்ணாதாமே, கொஞ்சம் அனுப்புங்க சம்பந்தின்னாங்க. நல்ல மனசோடதான் கேட்டாங்க. ஆனா காய்ச்சுறவ நானே உண்மையைச் சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா? நம்ம அடுப்பைப் பாத்து வளர்ந்தவ நீ. சுண்ணாம்பு தடவின கலயத்துல அப்பா இறக்கிக் கொண்டார்ற பதநீரை வடிகட்டி அண்டாவுல ஊத்துறோம். நுரைச்சுப் பொங்குனா ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்குறோம். பனை மட்டையும் ஓலையும் மணிக்கணக்கா எரிஞ்சு, பாகு இறுகித் துடுப்பைப் பிடிச்சு இழுக்கிற பதம் வந்ததும் சிரட்டையில ஊத்தி ஆறவிடுறோம். ஆவியாப் போறது தண்ணி, சிரட்டையில தங்குறது சக்கரை. கரும்புச் சீனியில இருக்கிற அதே சுக்ரோஸ்தான் இதுலயும் பெரும்பங்கு. கூடவே கொஞ்சம் தாதுச்சத்து இருக்கு, வாசனை இருக்கு. அதுக்காகச் சுகர் ஏறாம இருக்காது. சுகர்காரங்க தைரியமாச் சாப்பிடலாம்னு சொல்லிக் கருப்பட்டி விக்கிற ஆளுங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. நமக்குச் சோறு போடுற பண்டம்தான், அதுக்காகப் பொய் சொல்லி விக்க முடியுமா? தேனும் நாட்டுச்சக்கரையும் இதே கணக்குத்தான்.

அதுக்காக இனிப்பே ஆகாதுன்னு சத்தியம் பண்ணச் சொல்லலை. அடியோட ஒதுக்கி வச்சா நாள் முழுக்க அதே நினைப்பா இருக்கும். விசேஷத்துல பாயசம் போட்டா எல்லாரோடவும் உக்காந்து, சாப்பாட்டோட சேத்து, சின்னக் கிண்ணத்துல சாப்பிடு. அன்னைக்குச் சோத்தைக் குறைச்சுக்கோ. உனக்குத்தான் சுகராச்சேன்னு யாராவது சொன்னா, அளவு தெரிஞ்சுதான் சாப்பிடுறேன்னு முகத்தைப் பாத்துச் சொல்லு. அவங்க வாய்க்குப் பயந்துதானே நீ இருட்டுல போய் நிக்கிற.

இனிமே சொல்றதை ரெண்டு தடவை படி. நீ இன்சுலின் போடுறவ. ராத்திரியில கை நடுங்கி, வேர்த்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு இனிப்பு கேட்டா அது ஆசையா இருக்காது, லோ சுகரா, அதாவது ரத்தத்துல சக்கரை ரொம்ப இறங்கிப்போனதா இருக்கலாம். மெஷின்ல பாரு. 70-க்குக் கீழ இருந்தா உடனே 15 கிராம் குளுக்கோஸோ, மூணு டீஸ்பூன் சீனியோ தண்ணியில கரைச்சுக் குடி. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாரு. இன்னும் ஏறலைன்னா அதே அளவு திரும்பக் குடி. மெஷின் கைக்கு எட்டலைன்னா யோசிச்சுக்கிட்டு நிக்காம குடிச்சிரு. அந்நேரம் சீனிதான் மருந்து, அதுக்கு யாருக்கும் நீ கணக்குச் சொல்ல வேண்டாம். லோ ஆனா டப்பாவையே காலி பண்ணச் சொல்லும் பசி. அதான் குளுக்கோஸை முன்கூட்டியே அளந்து கட்டில் பக்கத்துலயே வச்சுக்கோ, அடுப்படிக்கே போக வேண்டாம்.

நிறையத் தின்னுட்டோம்னு பயந்து நடுராத்திரியில நீயா இன்சுலின் அளவைக் கூட்டிப் போடாதே, தூக்கத்துல சுகர் இறங்கிரும். எடை போடுதுன்னு ஊசியை விடவும் கூடாது. ரெண்டுமே உயிருக்கு ஆபத்து.

இப்படி நிறுத்த முடியாம திங்கிறதுக்கு வைத்தியம் இருக்கு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல இதைத் தனி நோயாவே தன்னோட பட்டியல்ல சேத்துருச்சு. வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூணு மாசமா நடந்தா டாக்டர்கிட்ட போகணும்னு அர்த்தம். உனக்கு அதுக்கு மேலயே ஆகுது. மனநல மருத்துவர்கிட்ட உக்காந்து பேசுற சிகிச்சையிலேயே நல்ல பலன் கிடைக்கும். முதல்ல உன் சுகர் டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லு. எச்பிஏ1சி டெஸ்ட் மூணு மாசச் சராசரியைக் காட்டும், ராத்திரி நீ படுற பாட்டைக் காட்டாது. நீ சொல்லலைன்னா அவரு மருந்தைத்தான் கூட்டிக்கிட்டே போவாரு. எரிஞ்சு விழுந்தா வேற டாக்டரைப் பாரு. மனசு தாங்காத நேரத்துல 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ்னு அரசாங்கம் நடத்துறது, காசு இல்லை, தமிழ்லயே பேசலாம்.

மாப்பிள்ளைகிட்டயும் நீயே சொல்லிரு. அவர் உன் தட்டைக் காவல் காக்க வேண்டாம். ஸ்வீட் டப்பா வாங்கி அடுக்காம இருந்தா போதும், நீ எந்திரிச்சா அவரும் எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்தா போதும். என்னைக்காவது தவறிப்போச்சுன்னா மறுநாள் காலையில வழக்கம்போல இட்லி சாப்பிடு. பட்டினி மட்டும் போடாதே.

பஸ்ல பார்சல் போட்டிருக்கேன். நெத்திலிக் கருவாடு இருக்கு, நல்லா ஊறவச்சு உப்பைக் கழுவிட்டுச் செய். முண்டு மிளகாய் இருக்கு. கருப்பட்டி உன் மாமியாருக்கும் மாமாவுக்கும். பதநீர் ஓய்ஞ்சதும் ஆடியில வந்து கொஞ்ச நாள் உன்கூட இருக்கேன். அதுவரைக்கும் சாயங்காலம் என்ன சாப்பிட்டேன்னு தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு. சுகர் நம்பர் எனக்கு வேண்டாம், அதை டாக்டர்கிட்ட காட்டு.

அம்மா