ஐந்து சென்டிமீட்டர் எல்லாத் தலைக்கும் பொருந்துமா?

டிஎம்எஸ் சிகிச்சை (தலைக்கு வெளியிலிருந்து காந்தத்தால் மூளையைத் தூண்டுவது) தரும் மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. மனச்சோர்வுக்கு எந்த மாத்திரையும் கேட்காததால் இந்தக் காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு அழைத்துப் போனோம். முதல் நாள் டெக்னீஷியன் காந்தச் சுருளைத் (காயில்) தலைமேல் வைத்து நகர்த்தி நகர்த்தி, வலது கட்டைவிரல் துடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். தூண்ட வேண்டிய முன்மூளைப் பகுதி அங்கிருந்து 5 செ.மீ. முன்னால் இருக்கும் என்று டேப்பால் அளந்து புள்ளி வைத்தார். 30 நாள் அந்தப் புள்ளியில்தான் டக் டக். ஒன்றும் மாறவில்லை. "சிலருக்கு இது ஒத்துவராது" என்று அனுப்பிவிட்டார்கள்.

எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. அவர்கள் செய்தது பல ஊர்களில் பல வருடங்களாக நடக்கும் வழக்கமான முறைதான். என் கேள்வி அந்த முறையைப் பற்றியது.

பெரிய தலைக்கும் சின்னத் தலைக்கும் ஒரே 5 செ.மீ. எப்படிச் சரியாகும்? 2001-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 22 பேரிடம் இதைச் சோதித்தபோது, 7 பேருக்குத்தான் உரிய முன்மூளைப் பகுதியில் புள்ளி விழுந்தது.

இடம் சரியாக விழுந்தாலும் ஆழம் என்று ஒன்று இருக்கிறது. விரல் துடிக்கத் தேவையான அளவை வைத்து, அதில் 120 சதவீதத்தை முன்மூளைக்குக் கொடுக்கிறீர்கள். அளப்பது ஓரிடம், கொடுப்பது வேறிடம். வயதாக ஆக முன்மடல் சுருங்குகிறது. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே நீர் நிற்கும் இடைவெளி அகலுகிறது. அப்பா தலைசுற்றலுக்காக முன்பே எடுத்த எம்ஆர்ஐ பீரோவில்தான் இருந்தது. ரிப்போர்ட்டில் "வயதுக்கேற்ற சுருக்கம்" என்று ஒரு வரி. யாரும் அதைக் கேட்கவில்லை. எங்களுக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. பிறகு தெரிந்த ரேடியாலஜிஸ்ட் ஒருவர் அளந்து பார்த்தார். மூளையில் விரலை இயக்கும் பகுதியைவிட முன்பகுதி 5 மி.மீ. உள்ளே இருந்தது.

ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கருவியின் திறனில் சுமார் 3 சதவீதம் கூட்ட வேண்டும் என்று 2005-இல் ஓர் ஆய்வு சொன்னது. அப்பாவின் துடிப்பளவு, அதாவது விரல் துடிக்கத் தேவைப்பட்டது, கருவியின் திறனில் 60 சதவீதம். கொடுத்தது 72. ஐந்து மில்லிமீட்டரை ஈடுகட்டவே 75 வேண்டும்! விரல் பகுதியில் எடுத்த கணக்கை முன்மூளைக்குப் போடுகிறேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் "ஒத்துவராது" என்று சொல்லும் முன் யாராவது போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு இது. அளவை நீங்களாகக் கூட்டுங்கள் என்று சொல்லவில்லை. வலிப்பு அபாயம் எங்களுக்கும் தெரியும்.

விலையுயர்ந்த கருவியும் கேட்கவில்லை. பிரிட்டனில் 255 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான பிரைட்மைண்ட் ஆய்வில், மூளையின் இணைப்புகளை வரைந்து குறிவைத்த சிகிச்சை, சாதாரண எம்ஆர்ஐ பார்த்துக் குறிவைத்ததை விஞ்சவில்லை. சரி, அந்தச் சாதாரண எம்ஆர்ஐயாவது? அதுவும் இல்லையென்றால், தலைச்சுற்றளவை அளந்து இடம் குறிக்கும் முறைக்கு டேப் ஒன்றே போதுமே.

பழைய ஸ்கேன் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். எந்த முறையில் இடம் குறித்தீர்கள், துடிப்பளவு என்ன, கொடுத்தது எவ்வளவு என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதுங்கள். எங்களுக்கு அந்த 60-உம் 72-உம் கிடைத்ததே நோட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்த்ததால்தான்.

அப்பா இன்னொரு முறை முயற்சி செய்யலாம் என்கிறார். இந்தத் தடவை படத்தைக் கையோடு கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு மகள்