வரப்பில் நடக்கவிட்டவர்களுக்கு

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஊர்க்காரர்களுக்கும், எங்களை வழியனுப்பி வைத்த செட்டிநாட்டு உறவுகளுக்கும் கோட்டையூரிலிருந்து வணக்கம்.

மாசிக் கடைசியில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒன்பது பேர் கொடைக்கானல் மேல்மலையில் மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்பினோம். ஊர் வந்து இரண்டு வாரம் ஆகிறது. கணுக்கால் வீக்கம் வடிந்த பிறகுதான் என்னால் உட்கார்ந்து எழுத முடிகிறது. உதவியவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

நடை எங்களுக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்கு நகரத்தார் சர்க்கரைக் காவடியோடு பழனிக்கு நடந்து போய், நடந்தே ஊர் திரும்பும் வழக்கம் நானூறு ஆண்டுகளைத் தாண்டியது. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகும் அந்த வழியில் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் மலைத்தொடர் கூடவே வரும். "அதுக்கு மேலே யார் ஆத்தா இருக்கிறார்கள்?" என்று என் ஆயா ஒவ்வொரு தடவையும் கேட்பார். கடைசிவரை அவர் மேலே போய்ப் பார்க்கவில்லை. எனக்குப் பணி ஓய்வு கிடைத்ததும் அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது.

புறப்படும் முன்னரே கடன்பட்டுவிட்டோம். இரண்டு நாளைக்குக் கெடாத புளியோதரையும், ஒரு தூக்கு நிறையச் சீப்புச்சீடையும் செய்து கொடுத்துக் காசு வாங்க மறுத்த சமையல்கார அண்ணனுக்கு நன்றி. காரைக்குடியில் ஒரு பெரியவர், 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டதைச் சொல்லி, அனுமதியில்லாத காட்டுப்பாதையில் கால் வைப்பதில்லை என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். ஊர்ப்பாதையும் வயல்வெளியும் போதும் என்றார். அப்படியே செய்தோம், ஐயா. அதுவே எங்களுக்கு நிறைவாகவும் இருந்தது.

பூம்பாறையில் முன்பணம் வாங்கியிருந்த தங்குமிடம், நாங்கள் போய் நின்ற பிறகு அறை இல்லை என்று கைவிரித்தது. மாலை ஐந்து மணி. பனி இறங்கத் தொடங்கிவிட்டது. குழந்தை வேலப்பர் கோயில் வாசலில் பைகளோடு நின்ற எங்களிடம், பூ விற்ற அம்மா எதுவும் விசாரிக்கவில்லை. "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரத்தில் மூன்று வீடுகளில் மும்மூன்று பேராக எங்களைப் பிரித்துச் சேர்த்துவிட்டார். அந்த வேலப்பரையும் பழனி மூலவரைப் போலப் போகர் சித்தர்தான் செய்தார் என்று ஊரார் நம்புகிறார்கள். பழனி ஆண்டவனை நம்பி நடக்கிற எங்களுக்கு, அந்த வாசலில் வழி பிறந்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

காலையில் கதவைத் திறந்தபோது பார்த்ததை என்னால் முழுதாக எழுத முடியுமா தெரியவில்லை. ஓட்டு வீடுகளுக்குக் கீழே மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வயல். ஒரு படியில் உருளைக்கிழங்கு, அடுத்ததில் கேரட், அதற்கும் கீழே பூண்டு. சில படிகள் எங்கள் வீட்டு வளவின் அகலம்கூட இல்லை. அதையும் விடாமல் உழுது விதைத்திருந்தார்கள். பிடுங்கிய பூண்டைக் கட்டாகக் கட்டிக் குதிரை முதுகில் ஏற்றி, அந்தக் குறுகிய தடத்தில் மேலே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். கடல் மட்டத்துக்கு 1,900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் அது. மூச்சு வாங்கியது எங்களுக்கு மட்டும்தான்.

பூண்டுக் காட்டுக்கார அக்கா தண்ணீர் பாய்ச்சியதைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருக்கும் ஊற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. ஒரு படி நனைந்ததும், மூலையில் அடைத்து வைத்திருந்த புல்கத்தையை மண்வெட்டியால் இழுத்துவிடுகிறார். தண்ணீர் கீழ்ப் படிக்கு இறங்குகிறது. அங்கே நிறைந்ததும் அடுத்த மூலை. எங்கள் சீமையில் கண்மாய்க்குக் கண்மாய் நடப்பதும் இதுதானே! ஒரு கண்மாய் நிரம்பி, மிகுதி நீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால் மறுகால் தண்ணீர் கீழூர்க் கண்மாய்க்குப் போகும். மடை திறக்க நீர்ப்பாய்ச்சி இருப்பார். மேலூரார் அடைத்து வைத்துக்கொண்டால் கீழூரில் கதிர் கருகும். பொட்டல் என்று சொல்லப்படும் எங்கள் ஊரும் ஒரு படிக்கட்டுதான், படிகள் நீளமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது எனக்கு அங்கே வைத்துத்தான் உறைத்தது. முப்பது ஆண்டு புவியியல் நடத்தியவள் நான். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது, அக்கா, உங்கள் மண்வெட்டி.

அந்த வரப்பைத்தான் நான் உடைத்தேன். ஓரத்தில் கால் வைத்துவிட்டேன். மண் சரிந்து, நானும் இரண்டு படி கீழே போய் விழுந்தேன். அறுவடைக்கு நின்ற பூண்டு ஒரு பாய் அகலத்துக்கு நசுங்கிப் போனது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன், "வரப்பை நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் அம்மா, முதலில் காலைக் காட்டுங்கள்" என்றார் அக்கா.

அவர் வீட்டு அடுப்படியில் உட்கார வைத்தார். அடுப்புக்கு மேலே கூரையோரம் விதைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. பூண்டுத் தாள் எல்லாம் புகையேறிப் பழுப்பாக இருந்தது. அதில் நாலைந்து பல் உரித்துத் தட்டி, நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் கணுக்காலில் மேலிருந்து கீழாக நீவினார். கட்டுவதற்குத் துணி தேடியபோது எங்களில் ஒருவர் தன் பையிலிருந்த கண்டாங்கிச் சேலையை எடுத்து நீட்டினார். அரக்குக் கட்டம், கெட்டிக் கரை, பழைய பருத்தி. அதை மடித்து இறுக்கிக் கட்டியதும் வலி பாதி அடங்கியது. கொடைக்கானல் மலைப்பூண்டும் காரைக்குடிக் கண்டாங்கியும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றவை. இரண்டும் என் ஒரே காலில் சேர்ந்திருந்தன.

மற்ற எட்டுப் பேரும் மன்னவனூருக்கு நடந்தார்கள். என்னைக் கேரட் ஏற்றிய வண்டியில் முன்னிருக்கையில் உட்கார வைத்து, பள்ளம் வரும்போதெல்லாம் வண்டியைப் பல்லக்கைப் போல மெல்ல இறக்கிய ஓட்டுநர் தம்பிக்கு நன்றி. இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டும் முகம் சுளிக்காமல் வந்து, எலும்பு முறிவு இல்லை என்று அழுத்திப் பார்த்துச் சொல்லி, முறையான கட்டுப் போட்ட செவிலியருக்கும் நன்றி. கவுஞ்சியில் எங்களுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்த வீட்டார், "பழனிக்கு நடப்பவர்களா நீங்கள்?" என்று கேட்டு, காலில் விழ வந்தார்கள். நாங்கள்தான் விழுந்திருக்க வேண்டும்.

அக்கா, நசுங்கிய பூண்டுக்கு நாங்கள் கொடுத்த பணத்தை நீங்கள் சீடைத் தூக்கில் போட்டுத் திருப்பி வைத்திருந்ததை ஊருக்கு வந்துதான் பார்த்தோம். நீங்கள் கொடுத்த பூண்டுக்கொத்து இப்போது எங்கள் இரண்டாங்கட்டு அடுப்படியில் தொங்குகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு இறங்குவீர்கள் என்றீர்கள். நாங்களும் அங்கேதான் இருப்போம். அப்படியே எங்களோடு ஊருக்கு வாருங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்துப் பாருங்கள், மறுகால் பாயும் கண்மாய்க் கரையில் உங்களை நான் கூட்டிப் போகிறேன்.

துவைத்துக் காயப்போட்ட கண்டாங்கியை மறந்துவிட்டு வந்துவிட்டோம் என்றும், பார்சலில் அனுப்புவதாகவும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னீர்கள். அனுப்ப வேண்டாம். உடையவரிடம் கேட்டுவிட்டேன். நீங்களே உடுத்திக்கொள்ளுங்கள்.