கடைவீதி வியாபாரிகள் கவனத்திற்கு

வணக்கம். மாற்றுத்திறனாளிகளும் நம் கடைகளில் எளிதாக வந்து வாங்க வேண்டும்; தீபாவளி விற்பனை தொடங்குவதற்குள் அவரவர் வாசல்படியைக் கவனியுங்கள். அரை அடி உயரப் படிக்குச் சாய்தளம் ஆறு அடி நீளம் வேண்டும். 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே கணக்கு. பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் சக்கர நாற்காலி பின்னால் சரியும். அப்படிப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். இடமில்லாதவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் அழைப்பு மணி வைத்து, பொருளை வெளியே கொண்டுவந்து காட்டுங்கள்.

பார்வையற்றவருக்கு மீதிப் பணம் தரும்போது ஒவ்வொரு தாளாகத் தொகையைச் சொல்லிக் கொடுங்கள். புதிய 100 ரூபாய்த் தாளின் ஓரத்தில் நான்கு கோடுகளும் 500 ரூபாயில் ஐந்தும் புடைப்பாக இருக்கும்; புழங்கிய தாளில் அவை தேய்ந்துவிடுகின்றன. கேட்காமல் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். காது கேளாதவரிடம் கத்திப் பயனில்லை, கால்குலேட்டரில் விலையைக் காட்டுங்கள். உடன் வந்தவரிடம் “இவருக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பது நம் வீதியில் ஊறிப்போன பழக்கம், வாங்க வந்தவரிடமே கேளுங்கள்.

சாய்தளம் கட்ட விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் படி உயரத்தை அளந்து இங்கே பதிவிடவும். கொத்தனாரை எல்லோருக்கும் சேர்த்து அழைத்துவிடலாம். நடைபாதையை மறிக்காத இடத்தில் மட்டுமே கட்டப்படும்.